இறைத்த தண்ணீர் எங்கே போகும்? – கடிதம்

வணக்கம் ஐயா,

பெட்ரோலியப் பொறியியல் படித்திருக்கிறேன். ஊர் மன்னார்குடி பக்கம். அமெரிக்காவில், தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையை உடைக்கும் ஃபிராக்கிங் முறையில், ஷேல் என்ற களிமண் பாறையிலிருந்து வாயு எடுக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மீத்தேன் போராட்டத்தில் நின்ற அப்பா என்னோடு பேசுவதில்லை. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பாறையை உடைத்தால் மேலே குடிநீர் கெடும் என்பது அறிவியல் தெரியாதவர்களின் பயம்தானே? எரிவாயுவில் சமைத்துக்கொண்டே அதை எதிர்க்கலாமா? நான் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடுப்பு வாதத்தை விடுங்கள். சோறு சாப்பிடுகிறவன் ரைஸ்மில் தூசியைப் பற்றிப் பேசக் கூடாதா?

'அறிவியல் தெரியாதவர்கள்' என்ற வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது. யாரைச் சொல்கிறீர்கள்? 2010ல் மன்னார்குடி வட்டாரத்தை நிலக்கரிப் படுகை மீத்தேனுக்காக ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். படுகையில் கிடக்கும் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் அந்த வாயு பிரிந்து வரும். இறைத்ததை எங்கே விடுவீர்கள், இறைத்த இடத்தில் எது வந்து நிரம்பும் என்று விவசாயிகள் கேட்டார்கள். இதைவிடச் சரியான அறிவியல் கேள்வி எது? இதை ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பரில், பட்டுக்கோட்டை பக்கம் இயற்கை விவசாயி நம்மாழ்வார் இறந்துபோனார். 2015ல் தமிழக அரசு திட்டத்துக்குத் தடை போட்டது.

என் அம்மா பிறந்தது முத்துப்பேட்டை பக்கம். அங்கே நான் சிறுவனாக அடிபம்பில் வாய் வைத்துக் குடித்திருக்கிறேன். ஆற்றில் வரத்துக் குறைந்து, போர்கள் பெருகி, சில வருடங்களில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. பருப்பு வேகவில்லை என்று பாட்டி குடத்தோடு தூரத்துக் குளத்துக்கு நடந்தாள். முழங்கால் வலியோடு நடந்தாள். அங்கே யாரும் பாறையை உடைக்கவில்லை. நல்ல தண்ணீரை இறைத்தோம், கடல் உள்ளே வந்துவிட்டது.

சரி, உங்கள் ஷேலுக்கு வருகிறேன். அவ்வளவு ஆழத்து விரிசல் மேலேறி வந்து குடிநீரைத் தொடுவது அரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கிணற்றுக்குள் மணலும் ரசாயனமும் கலந்து கோடி லிட்டருக்கு மேல் போகிறதே, அதில் திரும்பி வருவது என்ன ஆகிறது? பென்சில்வேனியாவில் அது கடல்நீரைவிட உப்பாக, பாறையிலிருந்த ரேடியத்தோடு வந்தது. முதலில் நகரக் கழிவுநீர் நிலையங்கள் வழியாக ஆற்றில் விட்டார்கள். அந்த நிலையங்களால் உப்பைப் பிரிக்க முடியாது. அப்புறம் லாரியில் ஏற்றி ஒஹையோவுக்கு அனுப்பினார்கள். அங்கே யங்ஸ்டவுனில் ஆழ்கிணற்றுக்குள் செலுத்தினார்கள். 2011 டிசம்பர் 31 அன்று அந்த ஊர் நடுங்கியது. இப்படியே கழிவுநீரைப் பூமிக்குள் செலுத்திய ஓக்லஹோமாவில் 2016 செப்டம்பரில் வந்தது 5.8 அளவு நிலநடுக்கம். அங்கே பூமிக்குள் செலுத்தியதில் பெரும்பகுதி எண்ணெயோடு வந்த பழைய உப்புநீர், ஃபிராக்கிங் நீர் அல்ல என்று உங்கள் துறையினர் சொல்வார்கள். உண்மைதான். நான் சொல்வதும் அதையேதான். பாறையை எப்படி உடைத்தீர்கள் என்பதை வைத்தே சண்டை போட்டு, வெளியே வந்த தண்ணீரை யாருடைய தலையில் கொட்டினீர்கள் என்பதை விட்டுவிடுகிறோம். உங்கள் அப்பா விடவில்லை.

வேலைக்குப் போவது உங்கள் முடிவு, தம்பி. சேரும் முன் அந்த நிறுவனத்திடம் கழிவுநீர் லாரி எந்த ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். கிடைத்த பதிலை எனக்கல்ல, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் பேசுவார்.