பென் டிரைவில் எல்லாமே ஷோர்ட்கட்: ஃபைல்கள் அழிந்துவிட்டனவா?

ஹட்டனில் ஒரு கடையில் அடையாள அட்டை பிரிண்ட் எடுத்த பிறகு ஃபோல்டர்களெல்லாம் ஷோர்ட்கட்டாகத் தெரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. வைரஸ் அசலை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும். அதைத் திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

டபுள் கிளிக் வேண்டாம். டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து, டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளில் ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது கூடவே வருகிறது. காசு கொடுத்து வேறொன்று வாங்கத் தேவையில்லை. பிறகு ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். (இந்த இரண்டாவதை விட்டுவிட்டுத்தான் பலர் ஒன்றுமில்லை என்கிறார்கள்.) டாக்குமென்ட், படங்களை மட்டும் கொப்பி எடுத்து டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

கடைக் கணினியில் வாட்ஸ்அப் திறந்திருந்தால், போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ போய் இன்றே லொக் அவுட் செய்யுங்கள்.