விழுங்கிய அணுவுக்குள் குடியிருக்கும் கிருமி

கேள்வி: என் தம்பிக்கு நுரையீரல் காசநோய் இருப்பது சளிப் பரிசோதனையில் உறுதியாகி, சிகிச்சை எடுத்து வருகிறான். வீட்டிலிருந்த எல்லோரையும் பரிசோதித்தபோது, கையில் ஊசி போட்ட இடம் எனக்கு மட்டும் தடித்துவிட்டது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "கிருமி உள்ளே போயிருக்கிறது, ஆனால் நோய் இல்லை" என்கிறார் மருத்துவர். கிருமி இருந்தாலே நோய்தானே?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: மருத்துவர் சொன்னது சரி. காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்துவிட்டதாக 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்ததிலிருந்து, கிருமியும் நோயும் ஒன்றே என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. கிருமி இல்லாமல் காசநோய் வராது என்பது உண்மை. ஆனால் கிருமி புகுந்த எல்லோருக்கும் அது வந்துவிடுவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ கால் பங்கினர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான்.

நோயாளி இருமும்போது வெளிவரும் துளிகளில் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கோழையில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன. காற்றிலேயே உலர்ந்து ஐந்து மைக்ரானுக்கும் குறைவாகச் சுருங்கிய துகள்கள் மட்டுமே நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்று நுண்ணறைகளைச் சென்றடைகின்றன. அங்கே காவலிருக்கும் விழுங்கணு (கிருமிகளை விழுங்கும் வெள்ளணு), மற்றக் கிருமிகளை விழுங்குவதைப் போலவே இதையும் விழுங்குகிறது. வழக்கமாக, விழுங்கப்பட்ட கிருமி அடைபட்டிருக்கும் பையோடு அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த இன்னொரு பை வந்து இணைய, கிருமி செத்துப்போகும். காசநோய்க் கிருமியோ தான் சுரக்கும் பொருள்களாலும், தன் மேலுறையில் உள்ள கொழுப்புப் பொருள்களாலும் அந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. தன்னைக் கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே தங்கி, அந்த அணுவின் கொழுப்பையே உணவாக்கிக்கொண்டு பெருகுகிறது.

அந்த மேலுறை எவ்வளவு உறுதியானது என்பதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டில் பூசிய சளிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சாயம் போய்விடும். மெழுகு போன்ற மைக்கோலிக் அமிலத்தைப் போர்த்திய இந்தக் கிருமி மட்டும் சாயத்தை விடாது. அடுத்து நீலச் சாயம் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் இளஞ்சிவப்பான மெல்லிய குச்சிகள் தெரியும். உங்கள் தம்பியின் சளியில் தெரிந்தவையும் இவையாகவே இருக்கலாம்.

நம் குடலில் வாழும் ஈ-கோலை, சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிளக்கும். காசநோய்க் கிருமிக்கோ அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. நம் எதிர்ப்பாற்றலும் இங்கே மெதுவாகத்தான் விழித்துக்கொள்கிறது. நிணநீர் முடிச்சுகளில் கிருமியை அடையாளம் கண்டு டி-அணுக்கள் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்கள் பெருகி வரச் சில வாரங்கள் ஆகின்றன. அவை வந்து சேர்ந்து சைகை கொடுத்த பிறகே விழுங்கணுக்கள் முழு வலிமை பெறுகின்றன. எல்லாமாகச் சேர்ந்து கிருமியைச் சுற்றிக் கணு போன்ற ஓர் அரணை எழுப்புகின்றன. உங்கள் கை தடித்தது அந்த டி-அணுக்களின் நினைவாற்றலால்தான். ஊசியில் இருந்தது கிருமியின் புரதம் மட்டுமே. அதில் உயிருள்ள கிருமி கிடையாது.

அரண் நிலைக்குமா என்பதைக் கிருமியின் வலிமை மட்டும் முடிவு செய்வதில்லை. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930-ஆம் ஆண்டையொட்டி நடந்த பெருந்துயரம் இதற்குச் சான்று. பி.சி.ஜி. தடுப்பு மருந்தில் நோய் உண்டாக்கும் கிருமிகள் கலந்துவிட்டது தெரியாமல், சுமார் 250 பச்சிளம் குழந்தைகளுக்கு அது வாய்வழியாகப் புகட்டப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்திலும் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. உட்சென்ற கிருமியின் அளவு குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டதும் இதற்கு ஒரு காரணம்; ஆயினும் ஒரே கிருமி இத்தனை விதமான முடிவுகளைத் தந்தது என்பது மறக்கக் கூடாத செய்தி.

தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் நோயாக மாறும் அபாயம் மிகுதி. ஆகவே உங்கள் மருத்துவர் தடுப்பு மாத்திரை பரிந்துரைத்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று தள்ளிப்போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதிர்ப்பாற்றல் கிருமியைச் சுற்றி வளைத்துவிடுகிறது என்றால், நுரையீரல் அரிக்கப்படுவது ஏன்?
– ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர்

பதில்: காலராவிலும் தொண்டை அடைப்பானிலும் கிருமி வெளியிடும் நச்சே முதன்மையான கேட்டை விளைவிக்கிறது. காசநோயில் சேதத்தின் பெரும்பகுதி நம் உடலின் எதிர்ப்பிலிருந்தே வருகிறது. அரணின் நடுவில் உள்ள அணுக்கள் செத்து, பாலாடைக்கட்டி போன்ற பொருளாகின்றன. அது இளகி, நம் அணுக்கள் சுரக்கும் நொதிகள் நுரையீரலின் நார்த்திசுவைக் கரைக்கும்போது பொந்து உண்டாகிறது. பொந்து மூச்சுக்குழாயில் திறந்துகொண்டதும் கிருமிக்குப் பிராணவாயுவும் கிடைக்கிறது, அடுத்தவரை அடைய வழியும் கிடைக்கிறது. இந்தப் போரினால் ஆதாயம் அடைவது கிருமிதான் என்பது எனக்கு எப்போதும் கலக்கம் தரும் உண்மை.

எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பாற்றல் மிகவும் தாழ்ந்தவர்களிடம் இத்தகைய பொந்துகள் அரிதாகவே காணப்படுகின்றன. அதற்காக எதிர்ப்பாற்றல் குறைவது நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களிடம் கிருமி தடையின்றி உடலெங்கும் பரவிவிடுகிறது. முடக்குவாதத்துக்குத் தரப்படும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய்த் தொற்று உள்ளதா என்று சோதிப்பதும் இதனால்தான்; அரணைத் தாங்கி நிற்கும் சைகைகளில் டி.என்.எஃப். ஒன்று. காய்ச்சலுக்கும் பசியின்மைக்கும் உடல் மெலிவதற்கும் அதே டி.என்.எஃப். காரணமாகிறது.

கேள்வி: பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டவருக்கும் காசநோய் வருமா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: வரும். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி நடந்த மிகப் பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரியவந்தது. ஆனால் குழந்தைகளின் மூளையுறைக் காசநோயிலிருந்து அது நல்ல பாதுகாப்புத் தருவதால், பிறந்த குழந்தைக்குத் தவறாமல் போட வேண்டும்.

கேள்வி: இரண்டே வாரத்தில் காய்ச்சலும் இருமலும் அடங்கிவிட்டன. ஏன் ஆறு மாதம் மாத்திரை? முட்டை, பால் சாப்பிட்டால் போதாதா?
– வாசகி ஒருவர், சேலம்

பதில்: போதாது. வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகள் முதல் சில நாள்களிலேயே பெருமளவில் மடிவதால் உங்களுக்கு உடம்பு தேறியதாகத் தோன்றுகிறது. பெருகாமல் முடங்கிக் கிடப்பவற்றை மருந்து எளிதில் கொல்ல முடிவதில்லை. பைரசினமைடு என்னும் மருந்து, அமிலத்தன்மை மிகுந்த இடங்களில் ஒளிந்திருப்பவற்றையும் தாக்குகிறது. ரிஃபாம்பிசின் என்னும் மருந்துடன் அதுவும் சேர்ந்த பிறகே ஓராண்டுக்கு மேல் நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. இடையில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம்.

உணவைப் பற்றி நம் சென்னையிலேயே பதில் கிடைத்தது. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரிய (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) நோயாளிகளையும், ஏழ்மையான வீடுகளில் இருந்தபடியே மருந்து உண்டவர்களையும் ஒப்பிட்டது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். குணப்படுத்தியது மருந்து.

ஆனால் நோய் வராமல் காப்பதில் உணவின் பங்கு பெரிது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அவை கிடைக்காத வீட்டாரோடு ஒப்பிட்டால், இவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. எனவே மாத்திரையை நிறுத்தாதீர்கள்; முட்டையையும் பருப்பையும் வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள்.