இரண்டு மாதம் கழித்துத் துக்கம் கேட்கப் போகலாமா?

கேள்வி: நான் அபுதாபியில் வேலை செய்கிறேன். ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியரான என் பெரியப்பா இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். விடுப்புக் கிடைக்காததால் எடுப்புக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வர முடியவில்லை. அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். இப்போது பெரியம்மாவிடம் போய்த் துக்கம் விசாரித்தால் ஆறுகிற புண்ணைக் கிளறியது போலாகாதா? என்ன பேசுவது?

மனநல ஆலோசகர் பதில்:

கட்டாயம் போங்கள். சொல்லப்போனால் சரியான நேரத்தில்தான் வருகிறீர்கள். எடுப்பன்று ஊரே கூடியிருக்கும். யார் வந்தார்கள், யார் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பது பெரியம்மாவுக்கு நினைவிருக்காது. காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் வீடு வெறிச்சோடிவிடும். அதன்பிறகு இறந்தவர் பேச்சை யாரும் எடுப்பதே இல்லை என்பதுதான் பலருக்கும் மனக்குறை. புண் ஆறிவிட்டது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு.

செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்க வரக் கூடாது என்று பார்க்கிற வீடுகள் உண்டு. வீட்டில் யாரிடமாவது முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"வர முடியாமல் போய்விட்டது பெரியம்மா, மன்னித்துவிடுங்கள்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். விடுப்பு, டிக்கெட் என்று நீட்டினால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். பிறகு பெரியப்பாவைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். முழுப் பரீட்சை லீவிலும் உங்களைத் திண்ணையில் உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாரா? அது போதும். கேட்டதும் பெரியம்மா அழலாம். அழட்டும். "அழாதீர்கள்" என்று உடனே தண்ணீர்ச் செம்பை நீட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் கதையை அவர் ஆரம்பித்தால், தொலைபேசியில் ஏற்கெனவே கேட்டதுதான் என்றாலும், முழுக்கக் கேளுங்கள்.

துக்கம் விசாரிப்பது வேறு, விசாரணை வேறு. "முன்பே வேறு ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கலாமே" என்ற ஒரு கேள்வி போதும், தான் கவனிக்கத் தவறிவிட்டோமோ என்று உள்ளுக்குள் மறுகிக்கொண்டிருப்பவரைக் கூண்டில் ஏற்ற. "வயதானவர்தானே, கல்யாணச் சாவு" என்பதும் வேண்டாம். அதை அவர் சொன்னால் தலையாட்டலாம். நாம் சொல்லக் கூடாது.

"உதவி வேண்டுமென்றால் கேளுங்கள்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே குறிப்பாகக் கேளுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தார்களா? சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா? குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டாகிவிட்டதா? வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு யார் போகிறார்கள்? வரவு செலவெல்லாம் பெரியப்பா பார்த்த வீடென்றால், பெரியம்மா வங்கி வாசலையே மிதித்திருக்கமாட்டார்.

இரண்டு மாதமாகியும் அழுகிறாரே என்று பதறி டாக்டரைத் தேட வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே நீடித்த துக்கத்தை நோயாகக் கருத ஆறு மாதமாவது கடக்க வேண்டும் என்கிறது. ஆனால் "நானும் போய்விடுகிறேன்" என்கிற பேச்சு வந்தால் நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

துக்க வீட்டில் "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் கிளம்புவது நம் வழக்கம். அதைக் காரியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. "திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் பெரியம்மா, வங்கிக்குப் போகலாம், பாஸ்புக்கை எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள்.