குளிர்காலத்தில் ஹைபிரிட் கார்: பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்

கேள்வி: கோடையில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்த எங்கள் ஹைபிரிட் கார், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதிலிருந்து 15க்கு மேல் தருவதில்லை. சிக்னலில் நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. ஹைபிரிட் பேட்டரி பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இந்த இரண்டு அறிகுறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய செலவுக்குச் சம்மதிக்க வேண்டாம். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் நல்ல நிலையில் இருந்தாலும் கடும் குளிரில் இரண்டுமே நடப்பவைதான். பெரும்பாலான ஹைபிரிட்களில் காருக்குள் வரும் சூடு, எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்திலிருந்து எடுக்கப்படுகிறது. எஞ்சின் அணைந்தால் கூலன்ட் ஆறிவிடும் என்பதால், ஹீட்டருக்குச் சூடு தேவைப்படும் வரையில் காரின் கணினி எஞ்சினை அணைய விடாது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே சரிவர வேலை செய்யும் என்பதால், அதற்காகவும் எஞ்சின் ஓடுகிறது. ஹைபிரிட் காரின் சிக்கனத்தில் பெரும் பகுதி எஞ்சின் அணைந்திருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. அந்த நேரம் சுருங்கும்போது சாதாரணப் பெட்ரோல் காரைவிட ஹைபிரிட்டின் மைலேஜ் அதிகமாகச் சரிவதில் வியப்பில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிடும் கணக்குப்படி, 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜோடு ஒப்பிட்டால் மைனஸ் 7 டிகிரியில் நகர ஓட்டத்தில் பெட்ரோல் கார் சுமார் 15 விழுக்காட்டை இழக்கிறது. ஹைபிரிட் இழப்பதோ 30 முதல் 34 விழுக்காடு வரை இருக்கலாம். உங்கள் காரின் இழப்பும் ஏறத்தாழ இந்த வரம்புக்குள்தான் இருக்கிறது.

பேட்டரிக்கும் இதில் பங்கு உண்டு. குளிரில் அதன் உள்ளே வேதிவினைகள் மந்தமாகி உள்மின்தடை கூடுவதால், அது மின்சாரத்தைத் தருவதும் வாங்குவதும் குறைகின்றன. லித்தியம் அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். ஆகவே பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறித் திரும்பத் தரும் மின்சாரத்தின் ஒரு பகுதியைக் கணினி வேண்டுமென்றே ஏற்க மறுக்கிறது. இது பேட்டரியைக் காப்பதற்கான ஏற்பாடே. வெப்பநிலை ஏறினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் குளிரைவிடக் கோடை வெயிலுக்கே பங்கு அதிகம்.

எச்சரிக்கை விளக்கு எரிதல், சார்ஜ் அளவு சில நிமிடங்களில் நிறைவுக்கும் காலிக்கும் இடையே தாவுதல், கார் நன்றாகச் சூடேறிய பிறகும் மாறாத குறை ஆகியவை உண்மையான பழுதின் அடையாளங்கள். கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளையும், கார் ஓடும்போது பேட்டரியின் ஒவ்வொரு தொகுதியும் காட்டும் மின்னழுத்தத்தையும் எழுத்தில் கேளுங்கள். பிழைக் குறியீடும் இல்லாமல், தொகுதிகளுக்கிடையே பெரிய வேறுபாடும் இல்லையென்றால் பேட்டரியை மாற்ற அவசரப்பட வேண்டாம். வேறுபாடு இருந்தாலும் முதலில் வாரன்டி தாளைப் பாருங்கள். ஹைபிரிட் பேட்டரிக்குப் பெரும்பாலும் காரின் பொது வாரன்டியைவிட நீண்ட காலம் தரப்பட்டிருக்கும். டயர்களில் காற்றையும் சரிபாருங்கள்: வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் சுமார் 1 பிஎஸ்ஐ அழுத்தம் குறைந்துவிடும்.

கேள்வி: உறைபனி விழுந்த ஒரு காலையில் கார் உயிர் பெறவே இல்லை, திரையும் வரவில்லை. அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் ஏன் இப்படி ஆகிறது?

பதில்: பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கணினிகளையும் முதலில் எழுப்புவது 12 வோல்ட் துணைப் பேட்டரிதான். பல ஹைபிரிட்களில் எஞ்சினைச் சுழற்றும் பாரம் இதற்கு இல்லை என்பதால் அளவில் சிறியதாக இருக்கும். சோர்வடையும்போது முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும், எஞ்சின் திணறிச் சுழலும் இழுவைச் சத்தமும் இராது. பல நாட்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்தாலோ, கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வராத நிலையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாலோ இது காலியாகிவிடக்கூடும். குளிர்காலத்தில் ஹைபிரிட் உரிமையாளர் உண்மையில் கவலைப்பட வேண்டிய பேட்டரி இதுவே. குளிர் தொடங்குமுன் சோதித்து, வலுவிழந்திருந்தால் மாற்றிவிடுவது பெரிய செலவன்று.

முற்றிலும் காலியான ஈய அமிலப் பேட்டரி (பல கார்களின் 12 வோல்ட் பேட்டரி இந்த வகைதான்) மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறையக்கூடும். அப்படி உறைந்ததற்கு மின்சாரம் கொடுத்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி ஜம்ப் ஸ்டார்ட் செய்வதாயின் கையேடு காட்டும் முனைகளிலேயே இணையுங்கள். நேர், எதிர் மாறினால் மின்னணுப் பாகங்கள் கருகிவிடும். உங்கள் ஹைபிரிட்டைக் கொண்டு வேறொருவரின் காரை உயிர்ப்பிக்க முயல வேண்டாம்.

கேள்வி: புறப்படுமுன் பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடாக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. கண்ணாடியில் பனி நீங்கிப் பார்வை தெளிந்ததும், முதல் சில கிலோமீட்டர்களை மிதமாக ஓட்டுவதே எஞ்சினை விரைவாகச் சூடாக்கும்.

கேள்வி: குளிர் மிகுந்த ஊருக்குக் குடிபெயர்கிறோம். அங்கே ஹைபிரிட் வாங்குவதாயின் எந்த வசதிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்? பழைய காரென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் கேட்க வேண்டியது, காரின் உட்புறம் எதனால் சூடாகிறது என்பதுதான். வெளி மின்சாரத்தில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட்களில் சிலவற்றில் ஹீட்டரைப் போட்டவுடன் எஞ்சினும் ஓடத் தொடங்கிவிடும். மின்சாரத்திலேயே பயணிக்கலாம் என்று நம்பி அதிக விலை கொடுத்தவருக்குக் குளிர்காலம் முழுவதும் அது ஏமாற்றமே. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் உள்ள மாடலாக இருந்தால் மிதமான குளிரில் குறைந்த மின்சாரத்தில் உட்புறம் சூடாகும். எந்த ஹைபிரிட்டிலும் இருக்கை ஹீட்டர் கொடுத்த பணத்துக்கு மதிப்புள்ளது. ஆளை நேரடியாகச் சூடாக்குவதால் ஹீட்டரைக் குறைத்து வைக்கலாம், எஞ்சினும் அணைய வாய்ப்புக் கிடைக்கும். மிகக் கடுமையான குளிரில், நிறுத்தியிருக்கும் எஞ்சினை வெளி மின்சாரத்தால் சூடாக்கும் எஞ்சின் பிளாக் ஹீட்டரும் பயன்படும். டொயோட்டா 2004ஆம் ஆண்டு மாடல் ப்ரியஸில் சூடான கூலன்டை வெப்பக் குடுவை போன்ற தொட்டியில் சேமித்து, அடுத்த முறை எஞ்சினைக் கிளப்பும்போது பயன்படுத்தியது. அடுத்த தலைமுறையில் அதை விட்டுவிட்டுப் புகைப்போக்கியின் வெப்பத்தைப் பிடிக்கும் முறைக்கு மாறியது. எஞ்சின் சூடேறும் நேரத்தைக் குறைப்பதற்குத் தயாரிப்பாளர்களே எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதற்கு இது சான்று.

பழைய காராக இருந்தால், இரவு முழுவதும் வெளியே நின்று குளிர்ந்த நிலையில் நீங்களே கிளப்பிப் பார்க்க வேண்டும். நீங்கள் போகுமுன் விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். பிரேக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பட்டைகள் தேயாமல் புதியனபோல் தோன்றும். ஆனால் அதிகம் பயன்படாததாலேயே, சாலையில் தூவும் உப்பால் டிஸ்க்கும், பட்டைகளை அழுத்தும் காலிப்பரும் துருப்பிடித்து இறுகியிருக்கக்கூடும். பல மாடல்களில் எஞ்சினுக்கும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனிக் கூலன்ட் சுற்று உண்டு. இரண்டும் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்பதைச் சர்வீஸ் பதிவில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் குறுகிய தூரமே ஓடிய காரில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாமல் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேர்ந்திருக்கலாம். எனவே கிலோமீட்டர் குறைவு என்பதை மட்டும் பார்க்காமல், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். கடைசியாக, காற்றால் குளிர்விக்கப்படும் பேட்டரியாக இருந்தால் பெரும்பாலும் பின்னிருக்கையின் அருகே காற்று உள்ளிழுக்கும் துவாரம் இருக்கும். குளிர்கால மேலங்கிகளை அதன் மேல் போட்டு மூடிவைப்பது பலரின் வழக்கம் என்பதால், அதன் வடிகட்டியில் நூலும் தூசியும் அடைத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.