ரிப்போர்ட்டில் ‘ஏடிபிக்கல் லிம்போசைட்ஸ்’: அந்த செல்லுக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பத்து நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ‘ஏடிபிக்கல் லிம்போசைட்ஸ் 18%’ என்று வந்திருக்கிறது. ஹீமோகுளோபின், பிளேட்லெட் இரண்டும் சரியாக உள்ளன. மருத்துவர், “வைரஸ்தான், மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்” என்கிறார். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. செல்லின் உருவம் ஏன் மாறுகிறது? மூன்று வாரம் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மருத்துவர் சரியான வழியில்தான் போகிறார். உங்களைப் பயமுறுத்தியது ‘ஏடிபிக்கல்’ என்ற சொல். வழக்கத்துக்கு மாறானது என்று மட்டுமே அதற்குப் பொருள். ரத்த ஸ்லைடு பார்ப்பதே தொழிலான எனக்கு, ‘ரியாக்டிவ்’ என்று எழுதுவதே சரி என்று தோன்றும். ஏதோ ஒன்றை எதிர்த்து வேலையில் இறங்கிவிட்ட செல் அது.

லிம்போசைட் என்பது ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகை. வேலையில்லாத லிம்போசைட் மிகச் சிறியது. சிவப்பணுவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம். உள்ளே கிட்டத்தட்ட முழு இடத்தையும் நியூக்ளியஸ் (செல்லின் கரு) அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் மெல்லிய விளிம்பாகத்தான் சைட்டோபிளாசம் (கருவைச் சுற்றியுள்ள செல் பொருள்) தெரியும். டி.என்.ஏ. இறுக்கிச் சுற்றிய நூல்கண்டு போலக் கிடப்பதால் நியூக்ளியஸ் கருநீலத் திட்டாக இருக்கும். இந்த நிலையிலேயே அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உடலைச் சுற்றி வரும்.

தனக்குப் பொருத்தமான கிருமித் துண்டை அடையாளம் கண்டதும் எல்லாம் மாறிவிடுகிறது. முதலில் நூல்கண்டு தளர்கிறது. இதுவரை பூட்டிக் கிடந்த ஜீன்களைப் படிக்க வேண்டுமே. நியூக்ளியஸ் வெளிறிப் பெரிதாகிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் உருவாகும் இடமான நியூக்ளியோலஸ் உள்ளே புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. சைட்டோபிளாசத்தில் ரைபோசோம்கள் குவிகின்றன. அவற்றில் உள்ள ஆர்.என்.ஏ. அமிலத் தன்மை உடையது. நாங்கள் போடும் காரச் சாயத்தை அது இழுத்துக்கொள்கிறது. ரியாக்டிவ் செல்லின் ஓரம் ஆழ்ந்த நீலமாகத் தெரிவது இதனால்தான். அந்த நீலம் புரத உற்பத்தி மும்முரமாக நடப்பதற்கான அடையாளம். சர்க்கரையை எரிக்கும் வேகமும் கூடுகிறது. சுமார் ஒரு நாள் கழித்து செல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கும். பிறகு ஒரே நாளில் இரண்டு முதல் நான்கு முறைகூடப் பிரியும்.

லிம்போசைட்டுகளில் பி செல், டி செல் என்று வகைகள் உண்டு. எந்த வேலைக்கு வந்ததோ அதற்கேற்ப உள்ளமைப்பும் வேறுபடும். ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறும் பி செல், புரதம் தயாராகும் சவ்வு வலையான எண்டோபிளாசமிக் ரெட்டிகுலத்தை அடுக்கடுக்காக விரித்துக்கொள்கிறது. நியூக்ளியஸ் ஓரமாகத் தள்ளப்பட்டு, அதன் பக்கத்தில் வெளிறிய பகுதி ஒன்று தெரியும். அங்கே இருப்பது கோல்கி, புரதங்களைப் பொதிந்து வெளியே அனுப்பும் பகுதி.

கொல்லும் டி செல் செய்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வைரஸ் புகுந்த செல்லைத் தொட்டதும், சில நிமிடங்களில் தன் சென்ட்ரோசோமைத் தொட்ட பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டு வருகிறது. செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்கள் எல்லாம் அந்தப் புள்ளியில்தான் கூடுகின்றன. அதனால் பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற கொல்லும் புரதங்கள் அடங்கிய துகள்களும் அவற்றின் வழியே அங்கே வந்து சேர்கின்றன. அந்த இடத்தின் நடுவில் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலை விலகி வழிவிட, துகள்கள் இலக்கின் மீது மட்டும் கொட்டப்படுகின்றன. பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களுக்கு அதிகம் சேதம் வராமல் இருக்க இந்தத் திசை மாற்றம் பெரிய காரணம். டி செல் தொடும் இடத்தில் புரதங்கள் வட்டத்துக்குள் வட்டமாக அணிவகுத்து நிற்பதை ஆப்ரஹாம் குப்ஃபரின் குழு 1998இல் படம்பிடித்துக் காட்டியது. சாதாரண ரத்த ஸ்லைடில் இது தெரியாது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். இந்த வயதில் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி, கூடவே 10 சதவீதத்துக்கு மேல் இப்படிப்பட்ட செல்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் மோனோநியூக்ளியோசிஸ் (சுருக்கமாக மோனோ). இந்த செல்களை டௌனியும் மெக்கின்லேயும் 1923இலேயே விவரித்துவிட்டார்கள். வைரஸ் குடியிருப்பது பி செல்களில். ஆனால் ஸ்லைடில் பெரிதாகத் தெரிபவை பெரும்பாலும் அந்த பி செல்களை அழிக்க வந்த டி செல்கள். நீங்கள் நோய் என்று பயந்தவை நோயைத் துரத்துபவை! சைட்டோமெகலோ வைரஸ், டெங்கு, சில மருந்துகளின் ஒவ்வாமை ஆகியவற்றிலும் இப்படி வரலாம்.

புற்றுநோய் இல்லை என்று எப்படிச் சொல்கிறோம்? தனி ஒரு செல்லை மட்டும் பார்த்தால் அனுபவமுள்ள கண்ணும் ஏமாறக்கூடும். நியூக்ளியோலஸ் தெரியும் பெரிய செல் என்பது லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோயிலும் உண்டு. ஆகவே ஸ்லைடு முழுவதையும் பார்ப்போம். வைரஸ் காய்ச்சலில் ஒவ்வொரு செல்லும் மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்தில் இருக்கும்: ஒன்று சிறிது, ஒன்று பெரிது, ஒன்று சிவப்பணுக்களின் மேல் சாய்ந்து வளைந்து கிடக்கும். லுகேமியாவிலோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்; ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் பெரும்பாலும் குறைந்திருக்கும். சந்தேகம் மிஞ்சினால், செல்களின் மேலுள்ள புரதங்களை வைத்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை செய்யலாம்.

மூன்று வாரம் எதற்கு என்றால், வேலை முடிந்ததும் இந்த செல்களில் பெரும்பாலானவை தாமாகவே அழிந்துவிடும். கொஞ்சம் மட்டும் நினைவு செல்களாகத் தங்கும். அதற்கு அவகாசம் வேண்டும். அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை இறங்கியிருந்தால் போதும், பூஜ்ஜியமாக வேண்டியதில்லை.

அதுவரை சில விஷயங்களில் கவனமாக இருங்கள். மோனோவில் மண்ணீரல் வீங்கக்கூடும். எனவே நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று வாரம், மருத்துவர் அனுமதிக்கும்வரை, மோதி விளையாடும் ஆட்டங்களும் பளு தூக்குவதும் வேண்டாம். இடது விலா எலும்புக்குக் கீழே திடீரென்று கடும் வலி வந்தாலோ, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வீட்டில் மீதி இருக்கும் அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மோனோவில் அது உடம்பெங்கும் தடிப்பைக் கிளப்பிவிடக்கூடும். எடை குறைவது, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பது, நெறி வளர்ந்துகொண்டே போவது, காரணமில்லாத ரத்தக்கசிவு இவற்றில் எது தெரிந்தாலும் மூன்று வாரம் வரை பொறுக்க வேண்டாம்.

அப்புறம், மறு பரிசோதனையை முடிந்தால் அதே லேபில் செய்யுங்கள். இந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். பழைய ஸ்லைடு அவர்களிடம் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.