மாடு கட்டிய வீட்டில் பாலை நிறுத்தச் சொன்னால்

கேள்வி: பாலக்கோடு அருகே கிராமத்தில் இருக்கிறேன். வயது 39. இரண்டு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். ஒரு வருடமாகக் கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பில் அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்துவிட்டது. மெடிக்கலில் வாங்கிய க்ரீம் போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும். தெரிந்த வைத்தியர் ஒருவர், "தோல் வியாதிக்குப் பால்தான் எதிரி. பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விடு" என்றார். இரண்டு மாதமாக விட்டும் குறையவில்லை. ஆயுர்வேதம் அப்படித்தான் சொல்கிறதா? 17 வயது மகளுக்கு முகப்பரு. அவளுக்கும் நிறுத்த வேண்டுமா? மீன் சாப்பிட்ட அன்று தயிர் சாப்பிட்டால் வெண்படை வரும் என்பது உண்மையா?

பதில்: இரண்டு மாதம் விட்டும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பால்தான் காரணம் என்றால் இத்தனை நாளில் கொஞ்சமாவது அடங்கியிருக்க வேண்டும்.

வைத்தியர் சொன்னதில் அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் தோல் நோய்களுக்கான காரணங்களைச் சொல்லும் இடத்தில் பாலும் தயிரும் வருகின்றன. ஆனால் அதே வரிசையில் புது அரிசி, மீன், உப்பு, புளிப்பு, உளுந்து, முள்ளங்கி, மாவுப் பண்டம், எள், வெல்லம் எல்லாமும் வருகின்றன. அளவு மீறிச் சாப்பிடுகிறவர்களுக்கு என்றுதான் பேச்சு. அந்தப் பட்டியலை அப்படியே பிடித்துக்கொண்டால் நம் வீட்டு இட்லியும் எள்ளுருண்டையும்கூடத் தப்பாது. பாலை மட்டும் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

அதைவிட முக்கியமான விஷயம், ஆயுர்வேதம் பால், தயிர், மோர், நெய் நான்கையும் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. பால் இனிப்பு, குளிர்ச்சி, கனம். தயிர் அப்படியில்லை. அது புளிப்பு, சூடு. கபம், பித்தம், ரத்தம் மூன்றையும் தூண்டும், வீக்கத்தைக் கூட்டும் என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற இன்னொரு பழைய நூல் சொல்கிறது. அதனால்தான் ராத்திரியில் தயிர் வேண்டாம், சூடாக்கிச் சாப்பிட வேண்டாம் என்கிற விதிகள். மோரோ தயிரிலிருந்து வந்தாலும் லேசானது, பசியைத் தூண்டும், வீக்கத்துக்கு நல்லது. நெய் இன்னும் ஒரு படி மேல். தோல் நோய்க்கு ஆயுர்வேத மருத்துவர்கள் அதிகம் எழுதும் மருந்துகளில் ஒன்று பஞ்சதிக்த கிருதம். வேம்பு, சீந்தில், ஆடாதோடை, கண்டங்கத்திரி, பேய்ப்புடல் என்று ஐந்து கசப்புகளை நெய்யில் போட்டுக் காய்ச்சுவது அது. தோல் நோயாளிக்கு நெய்யே ஆகாது என்றால் அந்த மருந்துக்கு இடமே இல்லையே! (இதைப் படித்துவிட்டுக் கடையில் வாங்கி நீங்களாகவே சாப்பிட வேண்டாம். செரிமானம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.)

சரி, அப்படியானால் உங்கள் அரிப்பு எதனால்? நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்ற மூன்று இடங்களையும் சேர்த்துப் படித்ததும் எனக்குப் பாலை விட மாட்டுத் தீவனத்தின் மேல்தான் சந்தேகம் வருகிறது. வரப்பில் புல் அறுக்கும்போது கூடவே நிற்கும் பார்த்தீனியம் செடியைப் பார்த்திருப்பீர்கள். கேரட் இலை மாதிரி இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. 1955 வாக்கில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டு, இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதன் காய்ந்த தூள் காற்றில் பறந்து, திறந்திருக்கும் தோலிலும் மடிப்புகளிலும் படியும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நீங்கள் சொன்ன இடங்களில்தான் பெரும்பாலும் அரிப்பு வந்து தோல் தடிக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தி, சூரியகாந்தியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நம் பக்கம் சாமந்தித் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புல் அறுத்த மறுநாள் அரிப்பு கூடுகிறதா, நாலு நாள் வெளியூர் போனால் குறைகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று வாரம் புல் அறுக்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். முடியாது என்றால் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போங்கள். திரும்பியதும் குளித்துவிட்டு அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பார்த்தீனியத்தைப் பூ வைக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும், ஆனால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். இந்த மூன்று வாரமும் சாப்பாட்டில் எதையும் மாற்றாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. அப்புறம் பாலை மெல்ல ஆரம்பித்துப் பாருங்கள். குடித்த சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு எழுந்தால் அது உண்மையான பால் ஒவ்வாமை. மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பாலை நீங்கள் காலம் முழுக்க விடுவதை நான் விரும்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் வந்தாலும், போர்வெல் தண்ணீரையே குடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் புளோரைடு உடம்பில் இன்னும் எளிதாகச் சேரும். ராகிக் களி தினமும் உண்டு என்றால் ஓரளவு கவலை இல்லை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. களியும் அதிகம் புளிக்காத மோரும் உங்களுக்கு நல்ல சாப்பாடு. ராத்திரித் தயிரை மட்டும் விடுங்கள்.

மகள் விஷயம் கொஞ்சம் வேறு. முகப்பருவுக்கும் பாலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நவீன ஆய்வுகள் சிலவும் சொல்கின்றன. கொழுப்பு நீக்கிய பாலில் அந்தத் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்பது வேடிக்கை. ஆனால் பால்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அவளுக்கு முதலில் சர்க்கரையைக் குறையுங்கள். நாளைக்கு நாலு டீ, கூடவே பிஸ்கட், மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரிப் பழத்தில் ஐஸ் போட்ட மில்க்‌ஷேக் என்று போனால் பரு எப்படி அடங்கும்? பாலோடு புளிப்புப் பழம் சேராது என்பது ஆயுர்வேதத்தின் பழைய விதி. நன்கு பழுத்த இனிப்பு மாம்பழத்துக்குப் பிற்கால நூல்கள் விலக்கு தருகின்றன, பெங்களூரா காய்க்கு இல்லை. இதையெல்லாம் சரி செய்த பிறகும் பரு இருந்தால், பாலை நாலு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வித்தியாசம் தெரியவில்லை என்றால் திரும்பக் கொடுத்துவிடுங்கள், வளர்கிற பெண்.

மீனும் பாலும் சேர்ந்தால் விருத்தம், அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத சேர்க்கை என்று சரகர் எழுதியிருப்பது உண்மை. ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்பது காரணம். அதனால் ஒரே வேளையில் இரண்டும் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் வெண்படை வருவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிற அணுக்களையே தாக்குவதால். மீனும் தயிரும் அதைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வங்காளத்தில் தயிர் விட்டே மீன் குழம்பு வைக்கிறார்கள். ஒகேனக்கல் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரி தெரியாமல் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக அந்த க்ரீம். போட்டால் அடங்கி, விட்டால் திரும்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். இமையில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், கண் அழுத்தமும் புரையும் வரலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். போகும்போது க்ரீம் ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள், தீர்ந்த ட்யூபாக இருந்தாலும் பரவாயில்லை.