நிலாவுக்குப் போன அப்போலோவும் பங்குச் சந்தை அப்போலோவும்

கேள்வி: அமெரிக்கப் பங்கு வாங்கும் செயலியில் 'அப்போலோ' என்று தேடினேன். 'ஏபிஓ' என்ற குறியீட்டோடு ஒரு நிறுவனம் வந்தது. நிலாவுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோவின் வழியில் வந்த கம்பெனி அது, தைரியமாக வாங்கு என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: அந்தக் காரணத்தை நம்பி ஒரு பங்குகூட வாங்காதீர்கள். நிலாப் பயணத் திட்டம் அமெரிக்க அரசின் நாசா நடத்தியது. 1960-ல் ஏப் சில்வர்ஸ்டீன் என்ற நாசா அதிகாரி கிரேக்கக் கடவுளின் பெயரை அதற்கு வைத்தார். 1969 முதல் 1972 வரை 12 பேர் நிலவில் நடந்தார்கள், அத்தோடு முடிந்தது. நீங்கள் பார்த்தது அப்போலோ குளோபல் மேனேஜ்மென்ட். 1990-ல் நியூயார்க்கில் மூவர் தொடங்கிய முதலீட்டு நிறுவனம். அடுத்தவர் பணத்தை நிர்வகிப்பது, கடன் கொடுப்பது, நிறுவனங்களை வாங்கி விற்பது, இதுதான் தொழில். 2022-ல் அதீன் என்ற ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்தோடு இணைந்தது. ராக்கெட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நம்மூர்ச் சந்தையில் குழப்பம் இன்னும் அதிகம். தேசியப் பங்குச் சந்தையில் வெறும் 'அப்போலோ' என்ற குறியீடு யாருடையது தெரியுமா? மருத்துவமனையும் இல்லை, டயரும் இல்லை. ஐதராபாத்தின் அப்போலோ மைக்ரோ சிஸ்டம்ஸ், பாதுகாப்புத் துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் கம்பெனி. மருத்துவமனைப் பங்கு என்று நினைத்து அவசரத்தில் அதை வாங்கிவிட வாய்ப்பு உண்டு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது, வீடியோ அழைப்பு 'ஜூம்' என்று நினைத்துப் பலர் 'ஜூம் டெக்னாலஜீஸ்' என்ற சம்பந்தமில்லாத சின்னக் கம்பெனியின் பங்கை வாங்கினார்கள். விலை தாறுமாறாக ஏறியது. கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமே அதன் வர்த்தகத்தை நிறுத்திவைத்தது.

சரி, என்ன செய்யலாம்? வாங்கும் பொத்தானை அழுத்தும் முன் முழுப் பெயர், குறியீடு, ஐசின் எண் மூன்றையும் பாருங்கள். ஐசின் என்பது ஒவ்வொரு பங்குக்கும் தனியாகத் தரப்படும், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 12 இடங்கள் கொண்ட அடையாளம். அமெரிக்கப் பங்குக்கு 'யூஎஸ்' என்றும் இந்தியப் பங்குக்கு 'ஐஎன்' என்றும் தொடங்கும். அப்புறம் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற பக்கத்தைத் திறந்து நண்பரிடமும் காட்டுங்கள். அதைப் படித்த பிறகும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.